வில்ஹெல்மீனெ அக்காவின் அகப்பை

ஞானஸ்நானம் கொடுக்கும் போதகர்களுள், பூமி உண்டான நாள் தொடக்கம் இன்றுவரை, கையில் ஒரு பொட்டு ஊத்தையும் படாதவர் தாம் ஒருவரே என்று கெல்சென்கிர்ச்சன் தமிழ்ச் சபையின் பாஸ்டர் ஜோன்சன், மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், பிரசங்க மேடையில் நின்று முழுமனதோடு அறிவித்தார். அதில் பொய் ஏதும் இல்லை. அந்த ஊத்தை முழுவதையும் அவருடைய காலுக்குக் கீழே, மேடைப் பலகைக்கு அடியிலிருந்த முழுக்குத் தொட்டிக்குள் நின்று, 1884ஆம் ஆண்டு செத்துப்போன வில்ஹெல்மீனெ என்ற பெண் அந்த நேரத்திலும் அள்ளிக்கொண்டிருந்தாள்.

ஜோன்சனின் பெருமை புதிதல்ல. சாவகச்சேரியிலிருந்து அகதியாக வந்து இறங்கிய காலத்திலிருந்தே அவர் அதைக் காத்து வந்தார். கூட வந்தவர்கள் உணவகங்களில் கோப்பை கழுவினார்கள், பள்ளிக்கூடங்களில் தரை துடைத்தார்கள். ஜோன்சன் மட்டும் வேலை கொடுக்கும் அலுவலகத்தில் தமது இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி, இவை ஆட்களைத் தண்ணீருக்குள்ளிருந்து தூக்கத் தரப்பட்டவை, தும்புத்தடி பிடித்துத் தரை கூட்டத் தரப்பட்டவை அல்ல என்று மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு சொல்லுவித்தார். மொழிபெயர்ப்பாளர் அதை முதுகுவலி என்று சொல்லிவிட்டார், காரியம் ஆகிவிட்டது. அன்று முதல் குடும்பம் மனைவி லவினியாவின் சம்பளத்தில் ஓடியது. லவினியா முதியோர் இல்லம் ஒன்றில் கிழவர்களுக்கு பம்பர்ஸ் மாற்றுகிறாள், கட்டில் துடைக்கிறாள், பொய்ப்பல் கழுவுகிறாள். அவள் வேலை முடிந்து வீட்டு வாசலில் கால் வைத்ததும் ஜோன்சன் வாசனை தெளித்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "முதல்லை குளிச்சிட்டு வாரும்" என்பார். லவினியாவின் தம்பி அல்பேர்ட் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தான். வீட்டுக்கு வந்தும் மனைவி கேட்காமலே பாத்திரம் கழுவினான். அவனுக்கு ஜோன்சன் வைத்த பெயர் வாளி மாப்பிள்ளை. ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் இடத்தில், "வாளி மாப்பிள்ளை வந்திட்டார், ஒருத்தரும் நிலத்திலை ஒண்டும் சிந்திப்போடாதேங்கோ, குனிஞ்சாரெண்டால் பிறகு நிமிரமாட்டார்" என்று உரக்கச் சொல்வார். சபை சிரிக்கும். அல்பேர்ட்டும் சிரித்துவிட்டு, சிரித்தவர்களின் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு போவான்.

வில்ஹெல்மீனெயின் சீவியத்தை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவளுடைய புருஷனின் சீவியத்தை நீளமாகச் சொல்லும் சலவைக்கல் ஆலய வாசலிலேயே பதித்திருக்கிறது. அவள் வடக்கே ஒரு சிற்றரசில், தூரிகை கட்டுகிற ஒருவரின் மகளாகப் பிறந்தாள். பத்தொன்பது வயதில் கோட்லீப் என்ற தையற்காரரைக் கட்டினாள். கட்டிய வருடமே அவர் ஊசியை வைத்துவிட்டு பப்டிஸ்ட் போதகர் ஆனார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது, அறிவு வந்தவர்களையே தண்ணீருக்குள் முழுக்க வேண்டும் என்பது பப்டிஸ்ட்காரரின் கொள்கை. பிறந்த பிள்ளைக்குத் தண்ணீர் தெளிக்காவிட்டால் குற்றம் என்பது அந்த அரசின் சட்டம். ஆகவே தலைப்பிள்ளை டொரோத்தேயா பிறந்த கொஞ்ச நாளில் காவல்காரர் இருவர் வந்து, பிள்ளையைத் தொட்டிலோடு தூக்கிக்கொண்டு போய், அரச ஆலயத்தில் தலையில் தண்ணீர் தெளித்து, ஈரத்தோடேயே திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். கோட்லீப் தெருவில் நின்று இந்த அநீதியைப் பற்றி உரத்த குரலில் ஜெபித்தார். வில்ஹெல்மீனெ பிள்ளையின் தலையை ஏப்ரனால் துடைத்தாள். அவள் துடைக்கத் தொடங்கியது அன்றுதான். நிறுத்தச் சொல்லிப் பிறகு ஒருவரும் சொல்லவில்லை.

நிலக்கரி கிளம்பிக் கெல்சென்கிர்ச்சனில் ஆட்கள் குவிந்த காலத்தில் கோட்லீப்பும் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். முதலில் எம்ஷர் ஆற்றிலே ஆட்களை முழுக்கினார். ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்க்காரர்கள் முறைப்பாடு கொண்டுவந்தார்கள். வெளுத்த துணியில் மஞ்சள் திட்டு விழுகிறது, மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கின்றன, மாடுகள் தண்ணீர் குடித்துவிட்டு ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்க வெட்கப்படுகின்றன என்றார்கள். ஆகவே சபையார் செங்கல்லால் ஒரு ஆலயம் கட்டி, மேடைக்கு அடியில் தொட்டி ஒன்று இறக்கினார்கள். முதல் ஞாயிறு ஏழு சுரங்கத் தொழிலாளரை முழுக்கித் தூக்கினார் கோட்லீப். மறுநாள் காலை வில்ஹெல்மீனெ தண்ணீரைத் திறந்துவிடப் போனபோது, தண்ணீர் போய்விட்டது, மற்றது போகவில்லை. குடிகாரனுடையது புளித்த மாப்போலப் பொங்கி நின்றது. பெண்டாட்டியை அடித்தவனுடையது கொழுப்புக் கட்டியாக, உள்ளே மயிரோடு கிடந்தது. பொறாமை சளியைப்போலச் சுவரில் வழுகிக்கொண்டிருந்தது. அவள் புருஷனைக் கூட்டிக்கொண்டுவந்து காட்டினாள். கோட்லீப் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இவை மன்னிக்கப்பட்டவை. ஆகவே இவை இங்கே இல்லை" என்றார். பிறகு அடுத்த பிரசங்கத்தை எழுதப் போய்விட்டார்.

வில்ஹெல்மீனெ இல்லாததை அகப்பையால் அள்ளினாள். அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு அகப்பை. சூப் எதனால் அள்ளப்பட்டது என்று கேட்காமல் விடுவதே நல்லது. அள்ளியதை வீட்டுப் பின்வளவில் புதைத்தாள். அதன்மேல் வளர்ந்த முட்டைக்கோவா ஒவ்வொன்றும் ஒரு மனிதத் தலை அளவில் இருந்தது; அவிக்கும்போது அடுத்த வீட்டுப் படுக்கையறையின் நாற்றம் அடித்தது. வேறு சாப்பாடு இல்லாதபடியால் பிள்ளைகள் அதைத்தான் தின்றார்கள். எட்டுப் பெற்று மூன்றைப் புதைத்தாள். மிஞ்சிய ஐந்தும் சபையிலுள்ள ஒவ்வொருவருடைய இரகசியத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டு வளர்ந்தன. ஆலயத்தில் யாராவது மாமா கன்னத்தைத் தட்டினால் பிள்ளைகள் வாந்தியெடுத்தன. ஆண்பிள்ளைகள் நால்வரும் மீசை முளைத்த கையோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறி, அங்கே தண்ணீரே கிடைக்காத இடமாகப் பார்த்து மாடு மேய்த்தார்கள். டொரோத்தேயாவிடம் தாய் அகப்பையைக் கொடுக்கப் பார்த்தாள். "முழுக்குகிறவர் அப்பா. அவரே அள்ளட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு கத்தோலிக்கச் சுரங்கக்காரனைக் கட்டிக்கொண்டு, பெருவிரலைக்கூட முழுதாக நனைக்காத ஒரு மதத்தில் நிம்மதியாக இருந்தாள்.

1884இல் வில்ஹெல்மீனெ காய்ச்சல் கண்டு செத்தாள். கல்லறைக் கல்லில் கோட்லீப்பின் பெயரைச் செதுக்கி, சாவுத் தேதிக்கு இடம் விட்டு, கீழே 'அவருடைய மனைவியும்' என்று போட்டார்கள். செவ்வாய்க்கிழமை அடக்கம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். கோட்லீப் அடுத்த வருடம் ஹார்மோனியம் வாசிக்கிற ஒரு பெண்ணைக் கட்டினார். அவள், நிலவறை ஈரம் தன் விரல்களுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாள். கோட்லீப் போனார், வேறு போதகர்கள் வந்தார்கள், போனார்கள். வில்ஹெல்மீனெ அள்ளினாள். முதலாம் யுத்தத்துக்குப் பிறகு அகப்பையில் வந்தது சேறு. 1946இல் முழுக்குக்கு வந்தவர்கள் எல்லோரும் தங்களிடம் அப்படி ஒன்றுமில்லை என்றார்கள். அந்த வருடந்தான் அகப்பை வளைந்தது. பின்வளவு வாகனத் தரிப்பிடம் ஆயிற்று, சபை நரைத்தது, முழுக்க ஆள் இல்லாமற் போயிற்று. கடைசியில் மிஞ்சிய முதியவர்கள் ஆலயத்தை உட்காரும் வாங்குகள், ஹார்மோனியம், கோப்பி இயந்திரம் சகிதம் தமிழ்ச் சபைக்கு வாடகைக்கு விட்டார்கள். கதவுத் திறப்பைக் கையில் கொடுத்த கிழவர், "ஹீட்டிங் பழசு. கீழே இருக்கிற அம்மா தொந்தரவில்லை" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

தமிழ்ச் சபைக்கு அவள் தொந்தரவாக இருக்கவில்லை. பார்த்த முதல் நாளே பெண்கள் வில்ஹெல்மீனெ அக்கா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். ஜோன்சனின் முழுக்குகள் தொடங்கியதும் அவளுக்கும் கை நிறைய வேலை வந்தது. ஜெர்மன்காரரின் பாவம் கனமானது, அடியில் போய்ப் படியும். எங்கள் ஆட்களின் பாவம் நாலு பேர் பார்க்கவேண்டும் என்பதுபோல மேலே மிதந்தது. ஊர்க் காணிக்காகச் சகோதரனோடு பிடித்த சண்டைகள் அடைபட்ட குழாயிலிருந்து இழுத்த மயிர்ச் சுருள்போல வந்தன. கலியாண வீட்டில் மற்றவளின் சேலையைப் பார்த்த பார்வைகள் பச்சைப் பாசியாக வந்தன. பிள்ளையின் சாதகத்தில் வயது குறைத்தவனுடையது அழுகிய முட்டை மணத்தோடு வந்தது. அகதி விசாரணையில் உயிர் பிழைக்கச் சொன்ன பொய்கள் மட்டும் வெங்காயச் சருகைப்போல மெல்லியதாக, மணமே இல்லாமல் வந்தன. வில்ஹெல்மீனெ அவற்றை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்து, வாளிக்குள் போடாமல் சுவர்க்கட்டில் உலரவைத்தாள். மிச்சத்தை அல்பேர்ட் சுமந்துகொண்டு போய் மண்ணிறக் குப்பைத்தொட்டியில் கொட்டினான். குப்பை வண்டிக்காரர் அது உக்குகிற குப்பை அல்ல என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு சாம்பல்நிறத் தொட்டியில் கொட்டினான். அதற்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் பாரிஸிலிருந்து இரண்டு பாஸ்டர்மார் விருந்தாளிகளாக வந்தார்கள். ஜோன்சன் அவர்களுக்கு ஆலயத்தைச் சுற்றிக்காட்டி, கடைசியில் நிலவறைக்கும் கூட்டிக்கொண்டு போனார். அன்று காலை பன்னிரண்டு பேருக்கு முழுக்கு நடந்திருந்தது. வில்ஹெல்மீனெ தொட்டிக்குள் முழங்கால் மட்டும் நின்று, இடுப்பை மடித்து அள்ளிக்கொண்டிருந்தாள். வயதில் மூத்த பெண் ஒருத்தி குனிந்து வேலை செய்ய, வெள்ளைச் சட்டையோடு மூன்று ஆண்கள் நின்று பார்ப்பது விருந்தாளிகள் முன் வடிவாக இல்லை என்று ஜோன்சனுக்குப் பட்டது. ஆகவே யாழ்ப்பாணத்தில் பிறந்த எந்த மனிதரும் சொல்வதை அவர் சொன்னார். அல்பேர்ட்டிடம் கற்ற நல்ல ஜெர்மனில் சொன்னார்:

"விடுங்கோ அக்கா, நீங்கள் போய் இருங்கோ. இனி நான் செய்யிறன்."

இந்த வசனத்தைச் சொல்கிறவர் எங்கள் ஊரில் ஒரு அடியும் முன்னே வைப்பதில்லை. கேட்கிறவர், "சீச்சீ, விடுங்கோ தம்பி, இது என்ன பெரிய வேலையே" என்று சொல்லிக்கொண்டு அகப்பையை இன்னும் இறுக்கிப் பிடிப்பார். இரண்டு பக்கமும் மரியாதை காப்பாற்றப்படும், வேலையும் நடக்கும். ஆனால் வில்ஹெல்மீனெ ஜெர்மன்காரி. அவள் மெல்ல நிமிர்ந்தாள். முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகச் சத்தம் போட்டது. ஜோன்சனுடைய முகத்தை, கையொப்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நல்லது" என்றாள். அகப்பையை அவருடைய கையில் வைத்தாள். ஏப்ரனை அவிழ்த்து அவருடைய தோளில் போட்டாள். படியேறி மேலே போய், மூன்றாவது வாங்கில், ஜன்னல் ஓரமாக இருந்தாள். பாரிஸ் பாஸ்டர் ஒருவர் மிகவும் கனிவாக, "உங்கடை தாழ்மை பெரிசு, பிரதர்" என்றார். அகப்பையிலிருந்து ஏதோ ஒன்று ஜோன்சனின் சப்பாத்தில் சொட்டியது.

விருந்தாளிகள் போனதும் ஜோன்சன் அகப்பையைப் படியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் மூன்றுமுறை குளித்தார். அக்கா ஒரு கிழமையில் இறங்கிவிடுவாள் என்று நினைத்தார். அவள் இறங்கவில்லை. ஞாயிறு தவறாமல் வாங்கில் வந்து இருந்தாள்; அத்தனை வருடத்தில் அவள் ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை, கீழே வேலை இருந்தது. இப்போது ஜோன்சனுடையதை முழுதாகக் கேட்டாள், நடுவில் கொட்டாவி விட்டாள். பெண்கள் கொடுத்த ஆட்டிறைச்சி ரோல்ஸை உறைப்பு உறைப்பு என்று கண்ணீர் விட்டபடி தின்று, இன்னொன்று கேட்டாள். தொட்டி கிடந்தபடி கிடந்தது. முதலில் ஆலயத்தில் யாரோ கட்டிவிட்டுப் போன ஈரநாயின் மணம் வந்தது. பிறகு தேநீரில் பல் துலக்காத வாய் மணந்தது. சித்திரைக்குப் பிறகு பலகை இடுக்குகளால் மஞ்சளாக ஒன்று கசிந்து, ஹார்மோனியத்தின் கட்டைகளை ஒட்டவைத்தது. எந்தக் கீர்த்தனையை வாசித்தாலும் கடைசியில் ஏப்பம் விட்டது. ஆட்கள் மற்றவர்களின் ஊத்தையை முகர்ந்து, அது யாருடையது என்று கண்டுபிடிக்கவும் தொடங்கினார்கள். கோரஸ் பாடுகிற இரண்டு குடும்பங்கள் அதனால் பேச்சை நிறுத்தின.

வைகாசி முடிவில் பெந்தெகொஸ்தே நாள். அன்றைக்குத்தான் ஜோன்சனின் ஒரே மகள் நிருஷாவுக்கு முழுக்கு. பிள்ளை பிறந்த அறையிலேயே, ஈரம் காயாத அந்தத் தலையைத் தொட்டு, இதை நான் என் கையால் முழுக்கித் தூக்குவேன் என்று அவர் சொல்லியிருந்தார். வேறு எந்தக் காரியத்துக்காகவும் அவர் இவ்வளவு காலம் பொறுமையாக இருந்ததில்லை. அந்தத் தொட்டி அதற்குள் துப்புரவாகியாக வேண்டும்.

முதலில் லவினியாவிடம் சொன்னார். அவள் கட்டிலில் இருந்து வீங்கின காலுக்குத் தைலம் பூசிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சரும், அந்தத் தொட்டியை ஒருக்கால் பாக்கேலாதே உமக்கு? உமக்கு உந்த வேலை பழக்கம்தானே."

"ஓம், பழக்கம்தான். கிழமையிலை ஆறு நாள் பழக்கம். ஏழாம் நாள் கர்த்தரும் ஓய்ந்திருந்தார் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்?"

"அதில்லை லவினியா, நான் அக்காவுக்கு ஒரு மரியாதைக்குச் சொன்னது…"

"நான் சொல்லேல்லையே. சொன்ன வாய் செய்யட்டும். முதல்லை குளிச்சிட்டுப் போங்கோ" என்றாள் லவினியா, தலையைத் தூக்காமலே.

அல்பேர்ட் மறுக்கவில்லை, அன்றைக்கே காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். ஆனால் அகப்பை ஜோன்சனுக்குக் கொடுக்கப்பட்டது. அல்பேர்ட்டின் கையில் அது நிறைந்து வந்து, வாளிக்கு மேலே வரும்போது வெறுமையாக இருந்தது. ஊத்தை தொட்டியில் விழுந்து சிரித்ததுபோலச் சத்தம் போட்டது. வாளியால் அள்ளினான், வாளிக்கும் அப்படியே. "அத்தான், இது என்ரை கைக்கு வருகுதில்லை. ஆளைத் தெரிஞ்சு வைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, படியையாவது துடைத்துவிட்டுப் போனான். பிறகு ஜோன்சன் துப்புரவு நிறுவனம் ஒன்றிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தார். அவர்கள் குழாயோடு வந்து, விளக்கடித்துப் பார்த்தார்கள். மலம் என்றால் செய்வோம், எண்ணெய் என்றால் செய்வோம், இது எந்தப் பிரிவிலும் வராது என்று சொல்லி, வந்ததற்கான கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடைசியில் மூன்றாவது வாங்குக்கே போனார். கையில் ஒரு தட்டு ரோல்ஸ்.

"அக்கா, அது நான் ஒரு கதைக்குச் சொன்னது. எங்கடை ஆக்கள் அப்பிடிச் சொல்லுறது வழக்கம். ஒருத்தரும் அதைப் பெரிசா எடுக்கிறேல்லை."

வில்ஹெல்மீனெ ஒரு ரோல்ஸை எடுத்து, இரண்டாகப் பிட்டு, உள்ளே பார்த்தாள். "இனி நான் செய்கிறேன் என்று சொன்னீர்கள்" என்று ஜெர்மனில் சொன்னாள். "நான் அந்த வசனத்துக்காகக் காத்திருந்தேன். என் புருஷன் நாலு மொழியில் ஜெபிப்பார். அது ஒரு மொழியிலும் அவருக்கு வரவில்லை." அவளுடைய விரல்களை ஜோன்சன் அப்போதுதான் பார்த்தார். அத்தனை காலம் தண்ணீரில் ஊறி, ஊறப்போட்ட அப்பளம்போலச் சுருங்கியிருந்த தோல், விளிம்பில் மட்டும் காயத் தொடங்கியிருந்தது. அவள் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெந்தெகொஸ்தேக்கு முதல் வெள்ளிக்கிழமை நிருஷா வேலையிலிருந்து நேரே ஆலயத்துக்கு வந்தாள். அவள் பல் வைத்தியரிடம் உதவியாளராக அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்கிறாள். நாள் முழுக்க மற்றவர்களின் வாய்க்குள் பார்க்கிறவள், சும்மா முகம் சுளிக்கமாட்டாள். நிலவறைக் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள். தொட்டியின் மேலே இப்போது ஆடை படர்ந்திருந்தது. பால் ஆறினால் படருமே, அப்படி. ஆனால் சாம்பல் நிறத்தில், இடையிடையே மூச்சு விட்டுக்கொண்டு. நிருஷா கதவைச் சாத்தினாள்.

"அப்பா, நான் அதுக்குள்ளை இறங்க ஏலாது."

"பிள்ளை, அது மன்னிக்கப்பட்டது. மன்னிக்கப்பட்டது இல்லாததுக்குச் சமன். விசுவாசக் கண்ணாலை பார்."

"எங்கடை கிளினிக்கிலை ஒரு ஆள் துப்பின கிண்ணத்தைக் கழுவாமல் அடுத்த ஆளைக் கதிரையிலை இருத்தமாட்டம். அதுவும் விசுவாசம்தான். எசென்னிலை ஒரு ஜெர்மன் சேர்ச்சிலை கேட்டனான், ஞாயிறு பதினொரு மணிக்கு டெர்மின் தந்திருக்கினம். அங்கை தண்ணி நீலமா இருக்கு, கீழை மாபிள் தெரியுது."

"ஆர் உன்னை முழுக்கிறது? முகம் தெரியாத ஒருத்தனோ?"

"நீங்கள்தான் முழுக்கவேணும் எண்டு எனக்கும் ஆசை, அப்பா" என்றாள் நிருஷா. சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது; அதை மறைக்க மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஆனால் முழுக்கிற ஆள்தான் அள்ளவேணும். சனி இரவு வரைக்கும் பாப்பன்."

ஜோன்சன் வாசலில் பதித்திருந்த கோட்லீப்பின் சலவைக்கல்லுக்கு முன்னே போய் நின்றார். எத்தனை ஆயிரம் பேரை முழுக்கினார், எத்தனை ஆலயம் கட்டினார் என்று அதில் எழுதியிருந்தது. முன்பெல்லாம் அந்தக் கல்லை வாசிக்கும்போது அவருக்கு நெஞ்சு நிமிரும். அன்று கல்லிலிருந்து லேசாக முட்டைக்கோவா மணம் வந்தது.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பிரசங்கம் ஆயத்தம் பண்ணப்போறன் என்று லவினியாவிடம் சொல்லிவிட்டு அவர் ஆலயத்துக்குப் போனார். சப்பாத்தையும் கால்மேஸையும் கழற்றி வைத்தார். காற்சட்டையைச் சுருட்டினார். ஏப்ரன் இன்னும் ஈரமாக இருந்தது. கட்டிக்கொண்டார், முடிச்சு போடத் தெரியாமல் இரண்டுமுறை அவிழ்ந்தது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கினார். காலடியில் அந்தச் சாம்பல்நிற ஆடை கிழிந்து, உள்ளேயிருந்தது இளஞ்சூடாக முழங்காலைப் பிடித்தது. முதல் அகப்பையிலேயே வாந்தியெடுத்தார். எடுத்ததையும் சேர்த்து அள்ளினார். கைக்குட்டை விழுந்து மூழ்கியது, அதையும் அள்ளினார். ஊத்தை அவருடைய கைக்கு மறுப்புச் சொல்லாமல் வந்தது. சாதகத்தைத் திருத்தியவனுடையதை அள்ளினார், காணிக்காரனுடையதை அள்ளினார், கோரஸ் குடும்பங்கள் இரண்டினுடையதையும் ஒரே வாளிக்குள் போட்டார். அதனடியில் கழுவாமல் விடப்பட்ட பழைய மூலைகளில், சுண்ணாம்புபோல இறுகி, 1946 கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை நகத்தால் சுரண்டினார். ஒரு மூலையில் புளியங்கொட்டை அளவில் ஒன்று கிடந்தது. காய்ந்தது, கடினமானது, லவினியா முழுக்கு எடுத்த நாளிலிருந்து அங்கே கிடந்திருக்க வேண்டும். எடுத்துக் காதருகே பிடித்தபோது அதற்குள் தமது பெயர் கேட்டது, பக்கத்தில் நல்ல சொல் ஒன்றும் கேட்கவில்லை. அதைச் சுவர்க்கட்டில், வெங்காயச் சருகுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு தொட்டியைக் கழுவவென்று கைகளைத் தண்ணீருக்குள் விட்டார். ஊத்தையே படாத அந்த இரண்டு உள்ளங்கைகளிலிருந்தும் வெள்ளையாக, பன்றிக்கொழுப்புப்போல ஒன்று கழன்று மேலே வந்து மிதந்தது. அது கைக்குட்டையின் வாசனையோடு மணத்தது. மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் அதிகம். இரண்டு வாளி நிறைந்தது.

பின்னேரம் அல்பேர்ட் ஹீட்டிங் பார்க்க வந்தான். அத்தானைக் கண்டான். சிரிக்கவில்லை.

"இன்னொரு வாளி கிடக்கோ அல்பேர்ட்?" என்று ஜோன்சன் குனிந்தபடி கேட்டார்.

"ஓம் அத்தான், பெரிசு கிடக்கு. முடிச்சை முன்னுக்குப் போடுங்கோ, அப்பதான் அவிழாது."

ஞாயிறு நிருஷா நீலமில்லாத, ஆனால் அடி தெரிகிற தண்ணீரில் இறங்கினாள். ஜோன்சன் அவளைச் சாய்த்து, முழுக்கி, தூக்கினார். அவருடைய விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்ததை அவள் தோளில் உணர்ந்தாள், கையை உதறவில்லை. லவினியா முதல் வாங்கில் இருந்தாள். மூன்றாவது வாங்கில் வில்ஹெல்மீனெ கடைசிக் கீர்த்தனையைச் சுருதி இல்லாமல், ஆனால் உரத்துப் பாடினாள். அது முடிந்ததும் இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முழுக்கக் காய்ந்திருந்தன. மூன்று ரோல்ஸைத் துடைக்கும் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே போய், ரயில் நிலையப் பக்கம் போகிற ட்ராமில் ஏறினாள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

நிருஷாவிடமிருந்து கழன்றது ஒரு தேக்கரண்டிகூட இல்லை என்று பெண்கள் சொல்கிறார்கள். எவ்வளவு என்று சரியாகத் தெரிந்தவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவருடைய பிரசங்கம் இப்போது பாதியாகக் குறைந்துவிட்டது, ஆராதனை முடிந்ததும் கீழே போய்விடுகிறார். சபைக்கும் அது பழகிவிட்டது. போன மாதம் தீயணைப்புப் பரிசோதனைக்கு வந்த அதிகாரி, நிலவறையில் சத்தம் கேட்கிறதே, யாராவது இருக்கிறார்களா என்று லவினியாவிடம் கேட்டார். அவள் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, கீழே ஒருமுறை காது கொடுத்துக் கேட்டாள். அகப்பை சுவரில் தட்டுகிற ஓசை வந்தது.

"ஹீட்டிங் பழசு" என்றாள். "கீழே இருக்கிறவர் தொந்தரவில்லை."